இணையதளம் வைத்துள்ள உழவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

(ஓசூர் அருகே சானமாவில் நடைபெற்ற உழவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சானமாவு, சூளகிரி, இராயக்கோட்டைப் பகுதிகளில் ரோஜா, தக்காளி, முட்டைகோசு, கொத்தமல்லி பயிரிடும் நீங்கள் பெரும்பாலும் விளைந்ததை மண்டிக்கே அனுப்புகிறீர்கள். அங்கே சரக்குக்கு விலை உண்டு. விளைவித்தவரின் பெயருக்கு விலை இல்லை. எல்லைக்கு அப்பால் பெங்களூரு இருக்கிறது. அங்குள்ள உணவு விடுதிகளும், மண்டப அலங்காரம் செய்வோரும், அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களும் தோட்டத்திலேயே நேராக வாங்க முன்வரக்கூடும். அத்தகையோர் உங்களைத் தேடிக் கண்டுகொள்ள ஓர் இணையதளம் உதவும்.

எல்லோருக்கும் அது தேவை என்று நான் சொல்லவில்லை. விளைச்சல் முழுவதையும் மண்டியில் போட்டு நிறைவாக இருப்பவர் அதற்குச் செலவிட வேண்டியதில்லை. நேரடி விற்பனையில் இறங்கியவர்களும் இறங்க எண்ணுபவர்களும் சில தவறுகளைத் தவிர்த்தல் வேண்டும். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. பிறர் பெயரில் பதிவு செய்தல்

தளத்துக்கு இரண்டு செலவுகள் உண்டு. டொமைன் என்பது தளத்தின் பெயர். ஹோஸ்டிங் என்பது தளத்தின் பக்கங்களை வைத்திருக்கும் கணினி இடத்துக்கான வாடகை. பெயரை நாம் கிரயம் வாங்குவதில்லை, குத்தகைக்குத்தான் எடுக்கிறோம். குத்தகைச் சீட்டு யார் பெயரில் இருக்கிறதோ, அவருக்கே உரிமை.

தளம் அமைத்துத் தருபவர் தம் கைப்பேசி எண்ணையும் மின்னஞ்சலையும் கொடுத்துப் பதிவு செய்துவிடுவது வழக்கம். பிறகு அவர் வேறு வேலைக்குப் போய்விடுகிறார், எண்ணும் மாறிவிடுகிறது. அதன்பின் உங்கள் தோட்டத்தின் பெயரை நீங்களே தொட முடியாது. ஆகவே முழுத் தொகையையும் கொடுப்பதற்கு முன் நான்கைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் பெயரிலும் எண்ணிலும் செய்த டொமைன் பதிவு, ஹோஸ்டிங் கணக்கின் கடவுச்சொல், தளக் கோப்புகளின் நகல், புதுப்பிக்க வேண்டிய தேதிகள் ஆகியவையே அவை.

2. தவணையை மறத்தல்

1999 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் பாஸ்போர்ட் தளப்பெயரைப் புதுப்பிக்கத் தவறியது. ஹாட்மெயில் அஞ்சலைப் பலரால் திறக்க முடியாமற்போயிற்று. வெளியார் ஒருவர் 35 டாலர் கட்டிய பின்னரே அது சீரடைந்தது. அத்தனை பெரிய நிறுவனத்துக்கே நேர்ந்தது நமக்கு நேராதா?

தவணை தவறியதும் பெயர் பறிபோய்விடாது. மீட்பதற்குச் சிறிது அவகாசம் உண்டு. ஆனால் அதற்குள் தளம் நின்றுபோகும். மீட்கக் கூடுதல் கட்டணமும் கேட்கக்கூடும். அவகாசமும் கடந்தால் அப்பெயரை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ‘.இன்’ என்று முடியும் பெயர்களை ஓராண்டு முதல் பத்தாண்டு வரை பதியலாம். கையில் பணம் உள்ள பருவத்தில் மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்துக் கட்டுவது நலம். முதல் ஆண்டுக் கட்டணம் குறைவாகவும் அடுத்த ஆண்டுக் கட்டணம் கூடுதலாகவும் இருப்பதுண்டு. இரண்டையும் கேட்டறிந்த பின் முடிவு செய்யுங்கள். “உங்கள் தளம் நாளையோடு முடிகிறது, உடனே பணம் அனுப்புங்கள்” என்று வரும் செய்திகளை நம்ப வேண்டாம். உங்கள் கணக்கில் நேரே நுழைந்து தேதியைப் பார்த்துக் கட்டுங்கள்.

3. இரவல் இடத்தை மட்டும் நம்புதல்

செலவில்லாமல் கிடைக்கும் தளமும் காணொளிப் பக்கமும் தொடங்குவதற்கு நல்லவையே. ஆனால் அவை இரவல் நிலம். நிலத்துக்காரர் சொன்னால் கிளம்ப வேண்டியதுதான். சிறு வணிகர்களுக்குக் கூகுள் இலவசமாக அளித்திருந்த தளங்கள் 2024 மார்ச்சில் நிறுத்தப்பட்டன. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் இந்தியாவில் தடை செய்யப்பட்டபோது, அதை மட்டுமே நம்பி ஆதரவாளர்களைச் சேர்த்தவர்கள் ஒரே நாளில் அவர்களை இழந்தார்கள். முகநூலும் வாட்ஸ்ஆப்பும் வாடிக்கையாளரை அழைத்து வரும் வழிகளாக இருக்கட்டும்; வந்து சேரும் வீடு உங்களுடையதாக இருக்க வேண்டும். வாங்குவோரின் பெயரையும் எண்ணையும், அவர்கள் சம்மதத்துடன், ஒரு நோட்டிலும் எழுதி வையுங்கள்.

4. காப்பு நகல் எடுக்காமை

விதை முழுவதையும் ஒரே குதிரில் வைப்பவர் உண்டா? 2021 மார்ச் 10 அன்று பிரான்சு நாட்டின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் கணினி மையம் தீப்பற்றி ஒரு கட்டடம் முழுவதும் எரிந்தது. நகலையும் அதே இடத்தில் வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள். மாதம் ஒருமுறையும், பெரிய மாற்றம் செய்யும் முன்பும், தளத்தின் நகலை எடுத்து ஒரு பென் டிரைவில் வீட்டில் வையுங்கள். அதைத் திறந்தும் பாருங்கள். முளைப்புத் திறன் பார்க்காத விதையை நம்ப முடியாதது போலவே, திறந்து பார்க்காத நகலையும் நம்ப முடியாது.

5. பழைய விலையையும் இருப்பையும் விட்டுவைத்தல்

வாங்குவோர் அதிகம் மனம் கசந்து போவது இதனால்தான். போன ஆண்டு விலையைப் பார்த்து ஒருவர் பெங்களூருவிலிருந்து அழைக்கிறார். நீங்கள் வேறு விலை சொல்கிறீர்கள். அவர் மறுமுறை அழைக்கமாட்டார். தக்காளி விலை நாளுக்கு நாள் மாறுவது. அதற்கு ‘இன்றைய விலைக்கு அழைக்கவும்’ என்று போடுவதே சரி. ரோஜாவுக்கு 20 பூ கொண்ட கட்டின் விலையைக் குறித்து, பக்கத்திலேயே தேதியும் இடுங்கள்.

இவ்வூருக்கென்று இன்னொன்றும் உண்டு. மழைக்காலம் முடியும் தறுவாயில் பன்னேர்கட்டாப் பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் சானமாவுக் காட்டுக்கு வருவதும், ஓர் இரவில் கேழ்வரகும் தக்காளியும் அழிவதும் நீங்கள் அறிந்ததே. அப்படி நேர்ந்தால் அன்று காலையிலேயே தளத்தில் ‘இருப்பு இல்லை’ என்று எழுதி, முன்பணம் தந்தவரை நீங்களாகவே அழைத்துச் சொல்லுங்கள். நட்டத்தைப் புரிந்துகொள்வார்கள், மௌனத்தைப் பொறுக்கமாட்டார்கள்.

6. பிறர் படமும், மெய்யல்லாத சொல்லும்

எங்கோ எடுத்த அழகிய ரோஜாப் படத்தைப் போட்டு, நம் பூவை அனுப்பினால் பெட்டியைத் திறந்ததுமே ஏமாற்றம். நம் தோட்டத்துப் பூவை நாமே காலை வெளிச்சத்தில் எடுப்போம். கைப்பேசிப் படத்தை அப்படியே ஏற்றாமல் அளவைச் சுருக்கி ஏற்றினால் பக்கம் விரைவாகத் திறக்கும். சான்று பெற்றிருந்தால் மட்டுமே ‘சான்று பெற்ற இயற்கை விளைபொருள்’ என்று எழுதி, சான்று எண்ணையும் தருக. தமிழோடு கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் இரண்டு வரி இருந்தால் எல்லைக்கு அப்பாலுள்ளவரும் படிப்பர்.

7. பூட்டும் பணமும்

தள முகவரியின் தொடக்கத்தில் ‘எச்.டி.டி.பி.எஸ்.’ இல்லையெனில், ‘பாதுகாப்பற்றது’ என்று குரோம் உலாவி 2018 முதல் எச்சரித்து வருகிறது. அதற்கான சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது. தளம் அமைப்பவரிடம் கேட்டுப் பெறுங்கள். எல்லாக் கணக்குக்கும் ஒரே கடவுச்சொல் கூடாது. பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. ‘முன்பணம் அனுப்புகிறேன், எண்ணை அழுத்துங்கள்’ என்பவர் வாங்க வந்தவர் அல்லர். ஏமாந்துவிட்டால் தாமதமின்றி 1930 என்ற எண்ணுக்குத் தெரிவியுங்கள்.

உழவர் பெருமக்களே, இவற்றில் எதற்கும் பெரும்படிப்பு வேண்டியதில்லை. வாரத்தில் அரைமணி நேரம் போதும். ஏற்கெனவே தளம் வைத்திருப்பவர்கள் வீடு சென்றதும் முதற்காரியமாக, அது யார் பெயரில், எந்தத் தேதி வரை பதிவாகியுள்ளது என்று பாருங்கள். அத்தேதியைக் குத்தகைத் தவணையோடு சேர்த்து நாட்காட்டியில் குறித்து வைத்து, வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லிவையுங்கள். மண்ணைக் காத்துப் பழகிய உங்கள் கைகளுக்கு உங்கள் பெயரைக் காப்பது அரிதன்று.