கடைசி பெஞ்சிலிருந்து வந்த சீட்டு

(கீழ்பென்னாத்தூரில் கல்லூரி மாணவர்களும் ஆசிரியர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் கல்லூரி மாணவர்கள். செமஸ்டர் முடிவில் உங்களிடம் ஃபீட்பேக் ஃபார்ம் கொடுத்திருப்பார்கள். அதில் ‘மிக நன்று’ தவிர வேறு எதையாவது டிக் அடித்தவர்கள் கை தூக்குங்கள்.

சரி, ஒருவரும் இல்லை. படிக்கும்போது நானும் அடித்ததில்லை. பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பதிவு எண்ணைக் கேட்பார்கள். துறைத்தலைவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பார். நூறு மதிப்பெண்ணில் 25 இன்டர்னல் அவர் கையில் இருக்கிறது. அந்த நேரத்தில் உண்மையை எழுதும் துணிச்சல் எல்லோருக்கும் ஒரே அளவில் இருப்பதில்லை. வீட்டில் கேட்க ஆள் இருக்கிறவர் எழுதுவார். வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர், காலனியிலிருந்து வந்தவர், உதவித்தொகைப் படிவத்தில் அதே ஆசிரியரிடம் கையெழுத்து வாங்க வேண்டியவர் எழுதமாட்டார். வகுப்பில் யார் பேசுகிறார்கள், யார் பேசாமல் இருக்கிறார்கள் என்பதிலும் சாதி இருக்கிறது. அதைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

கருத்துக் கேட்பது கல்லூரிகளுக்குப் புதிதல்ல. 1994-ல் தொடங்கப்பட்ட நாக் அமைப்பு தரமதிப்பீட்டுக்கு வரும்போது மாணவர்களிடம் கருத்து வாங்கினீர்களா, நடவடிக்கை எடுத்தீர்களா என்று கேட்கிறது. தனியாக ஒரு திருப்தி ஆய்வும் நடத்துகிறது. பாடத்திட்டத்தில் எவ்வளவு முடித்தார்கள், எப்படித் தயாராகி வந்தார்கள், இன்டர்னல் நியாயமாக இருந்ததா என்று சுமார் இருபது கேள்விகள் அதில் உண்டு. நியாயமா என்று கேட்கிறார்கள். யாருக்கு நியாயமாக இல்லை என்று கேட்பதில்லை. சாதி பற்றி ஒரு கேள்வியும் கிடையாது.

கேட்டால் என்ன வரும் என்பதற்கும் நம்மிடம் சான்று இருக்கிறது. 2006-ல் டெல்லி எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரியில் நடக்கும் பாகுபாட்டை விசாரிக்க, அன்றைய யுஜிசி தலைவர் சுகதேவ் தோரட் தலைமையில் குழு அமைத்தார்கள். அந்தக் குழு பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களிடம் நேரடியாகவே கேட்டது. ஆசிரியர்களிடமிருந்து போதிய ஆதரவு இல்லை என்று 69 சதவீதம் பேர் சொன்னார்கள். வகுப்பறையிலேயே ஏதோ ஒரு வகைப் பாகுபாடு உண்டு என்று 72 சதவீதம் பேர் சொன்னார்கள். எய்ம்ஸ் நிர்வாகம் அந்த அறிக்கையை ஏற்கவில்லை. சொன்னவர்கள் பொய் சொல்கிறார்கள் என்பதுதானே அதற்கு அர்த்தம்?

ரோகித் வெமுலாவும் எழுதினார். 2015 டிசம்பரில் ஹைதராபாத் பல்கலைக்கழகத் துணைவேந்தருக்கே கடிதம் எழுதினார். தலித் மாணவர்கள் அந்த வளாகத்தில் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்று கசப்பும் கோபமுமாக அதில் சொல்லியிருந்தார். ஒரு மாதம் கழித்து, 2016 ஜனவரி 17-ல் நாம் அவரை இழந்தோம். அதனால் மாணவர் கருத்து என்பதை நான் ஃபைலில் வைக்கிற காகிதமாகப் பார்ப்பதில்லை. கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது கேட்காமல் விடுவதைவிட மோசம். எழுதியும் ஒன்றும் நடக்காது என்பதை அது அந்தப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்துவிடும்.

இனி என் கதை. முனைவர் பட்ட ஆய்வுக்கு நடுவே ஒரு கல்லூரியில் வரலாறு நடத்தினேன். நானும் காலனியில் பிறந்தவள்தான். அதனால் என் வகுப்பில் எல்லோரும் பேசுவார்கள் என்று நம்பினேன். மூன்றாவது மாதம் ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுத்து, “வகுப்பு எப்படி இருக்கு, எழுதுங்க” என்றேன். ஐம்பத்து நான்கு சீட்டிலும் ‘நல்லா நடத்துறீங்க மேடம்’ என்றுதான் இருந்தது.

இரண்டாவது முறை மாற்றிக் கேட்டேன். “போன வாரம் எந்த இடம் புரியலை? கேட்க நினைச்சு எதைக் கேட்காம விட்டீங்க?” என்று கரும்பலகையில் எழுதிவிட்டு வெளியே போய்விட்டேன். ஒரு மாணவி எல்லாவற்றையும் பையில் வாங்கி, வேறு துறையில் இருக்கும் என் தோழியிடம் கொடுத்தாள். கையெழுத்து எனக்குத் தெரியக்கூடாது என்று அவர் டைப் செய்து தந்தார்.

இந்த முறை விஷயம் வந்தது. ‘பௌர்ணமி அன்னைக்கு டெஸ்ட் வைக்காதீங்க மேடம்’ என்று ஏழு பேர் எழுதியிருந்தார்கள். கிரிவலக் கூட்டத்தில் இந்தப் பக்கத்துப் பஸ்ஸில் ஏறவே முடியாது. சிலர் அன்றைக்குக் கிரிவலப் பாதையில் கடை போட்டுச் சம்பாதிக்கிறவர்கள். மல்லாட்டை பிடுங்குகிற நாளில் வராதவர்களுக்கு நோட்ஸ் கேட்டு இரண்டு சீட்டு வந்திருந்தது. இன்னொரு சீட்டில் ஒரே ஒரு வரி: ‘நீங்க கேள்வி கேட்டா முதல் ரெண்டு பெஞ்சைத்தான் பாக்கறீங்க.’

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. பிறகு ஒரு வாரம் எண்ணிப் பார்த்தேன். முப்பது கேள்வியில் இருபத்து நான்கு முன் பெஞ்சுக்குப் போயிருந்தது. அங்கே இருந்தவர்கள் டவுன் பிள்ளைகள், இங்கிலீஷ் மீடியம் படித்தவர்கள். பதில் சீக்கிரம் வரும், பாடம் ஓடும். கடைசி பெஞ்சில் யார் இருந்தார்கள் என்று உங்களுக்கே தெரியும். காலனியில் பிறந்தவள் என்பதாலேயே என் கண் தானாகப் பின்னால் போய்விடாது தோழர்களே. அதைப் பழக்க வேண்டியிருந்தது.

அடுத்த வகுப்பிலேயே பதில் சொன்னேன். பௌர்ணமியில் டெஸ்ட் கிடையாது. இனிக் கேள்வி கேட்டால், எல்லோரும் இரண்டு நிமிடம் எழுதிய பிறகு சீட்டுக் குலுக்கித்தான் பெயர் எடுப்பேன். ‘எல்லாருக்கும் இன்டர்னல் 25 போடுங்க’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அது முடியாது, ஆனால் எதற்கு எத்தனை மார்க் என்பதை முன்கூட்டியே அறிவிப்புப் பலகையில் ஒட்டுவேன் என்றேன். முடியாததை முடியாது என்று காரணத்தோடு சொல்வதும் மரியாதைதான்.

ஒரு மாதம் கழித்துப் பின்னாலிருந்து ஒரு தம்பி கேட்டான்: “மேடம், சோழர் காலத்துல சேரி இருந்துச்சா?” எங்கள் பாடநூலில் அது இல்லை. மறுநாள் தேடிக்கொண்டு போனேன். ராஜராஜன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டிலேயே பறைச்சேரி, தீண்டாச்சேரி என்று வருகிறது. அன்று நடந்த வகுப்புதான் அந்த ஆண்டில் நான் எடுத்த நல்ல வகுப்பு. அதற்கு வழி திறந்தது ஒரு துண்டுச் சீட்டு.

இதில் ஆபத்தும் இருக்கிறது. ‘மேடம் பேச்சு காலனிப் பேச்சு மாதிரி இருக்கு’ என்றும் ஒரு சீட்டு வந்தது. தலித் ஆசிரியர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு இது புதிதல்ல. 1918-ல் அம்பேத்கர் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகச் சேர்ந்தார். பொதுவான தண்ணீர்ப் பானையை அவர் தொடக்கூடாது என்றார்கள் சில சக பேராசிரியர்கள். பிற கல்லூரி மாணவர்களும் அனுமதி வாங்கி வந்து அவர் வகுப்பைக் கேட்டது பிறகுதான். முதல் நாளே அங்கே ஃபார்ம் கொடுத்திருந்தால் அதில் எதற்கு மதிப்பெண் விழுந்திருக்கும்? அதனால் இந்த மதிப்பெண்ணை மட்டும் வைத்து ஒருவர் வேலையை நீட்டிப்பதும் நிறுத்துவதும் கூடாது. நடத்தும் முறையைக் கேளுங்கள். ஆளை மதிப்பிடச் சொல்லாதீர்கள்.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். வேகமாக நடத்துகிறார் என்பது கருத்து. சாதியைச் சொல்லித் திட்டினார், செய்முறைத் தேர்வில் சாதி பார்த்து மார்க் போட்டார் என்பது புகார். அதைக் கருத்துப் பெட்டியில் போட்டு மூடிவிடக்கூடாது. சம வாய்ப்பு மையமும் பாகுபாடு எதிர்ப்பு அதிகாரியும் கல்லூரிகளில் வேண்டும் என்று 2012-லேயே யுஜிசி விதிமுறை கொண்டுவந்தது. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் கல்லூரி வாசலோடு நின்றுவிடுவதும் இல்லை. உங்கள் கல்லூரியில் அந்த அதிகாரி யார் என்று நாளைக்கே போய்க் கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள், நான்கு பேராகப் போங்கள்.

ஆசிரியத் தோழர்களுக்குச் சொல்வது இதுதான். செமஸ்டர் முடியும்வரை காத்திருக்காதீர்கள். அப்போது கேட்டால் எழுதியவருக்கு அதனால் பயன் இல்லை. நடுவிலேயே, தமிழிலேயே கேளுங்கள். கையெழுத்து உங்கள் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த வகுப்பில் பதில் சொல்லுங்கள்.

வாசலில் ஒரு பையும் துண்டுச் சீட்டுகளும் வைத்திருக்கிறோம். இந்தப் பேச்சில் நான் யாரைப் பார்க்காமல் பேசினேன் என்று எழுதிப் போட்டுவிட்டுப் போங்கள். பெயர் வேண்டாம்.