எல்லை கடக்கும் சரக்கு வண்டி

(பஞ்சாயத்து உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



நாடுவிட்டு நாடு செல்லும் ரயில் சரக்கைப் பற்றிக் கிராமத்து முகாமில் பேசுவானேன் என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். வயலில் விளைவது பயிர். அதற்கு விலை கிடைப்பது சந்தையில். இடைவழியில் ஆகும் வண்டிக் கூலி, விவசாயியின் கைக்கு வரவேண்டிய தொகையிலிருந்தே கழிக்கப்படுகிறது. சந்தை அயல்நாட்டில் இருப்பினும் கணக்கு இதுவேயாகும்.

ஆந்திர மாநிலத்துக் குண்டூர்ப் பகுதி மிளகாய்க்குப் பெயர்போனது. அங்குள்ளோர் வங்காள தேசத்திற்கு மிளகாய் வற்றலைச் சிறுகச் சிறுகச் சாலை வழியே அனுப்பி வந்தனர். டன் ஒன்றுக்குச் சுமார் 7,000 ரூபாய் செலவாயிற்று. 2020-ஆம் ஆண்டில் கொள்ளைநோயை முன்னிட்டு ஊரடங்கு வந்ததும் அவ்வழியும் அடைபட்டது. அப்போது ரயில்வே அதிகாரிகள் தாமே சென்று, கூட்ஸ் வண்டியில் அனுப்பலாம் என எடுத்துரைத்தனர். ஆனால் ஒரு முழு கூட்ஸ் வண்டிக்கு 1,500 டன்னுக்கு மேல் சரக்குச் சேர வேண்டும். பத்து மூட்டை வைத்திருப்பவன் அதற்கு எங்கே போவான்? ஆகவே, அதிகபட்சம் 500 டன் ஏற்றக்கூடிய தனிப் பார்சல் வண்டி ஒன்றை ஏற்பாடு செய்தனர்.

2020 ஜூலை மாதத்தில், குண்டூரை அடுத்த ரெட்டிபாலெம் நிலையத்திலிருந்து புறப்பட்ட அவ்வண்டி, சுமார் 384 டன் வற்றலை எல்லைக்கு அப்பாலுள்ள பேனாபோல் நிலையத்தில் சேர்த்தது. செலவு டன்னுக்கு ஏறத்தாழ 4,609 ரூபாய்தான். கிலோவுக்கு இரண்டு ரூபாய்க்கு மேல் மிச்சம்! மழையும் உரமும் கூடாமலே, போக்குவரத்தினால் மட்டும் கிடைத்த மிச்சம் இது.

இது எவ்வாறு கைகூடிற்று? இரு நாடுகளுக்கும் இடையே ஒத்துழைப்பு இருந்ததனால்தான். முதலாவது, தண்டவாளம். நம் நாட்டு அகலப் பாதையின் அளவு 1,676 மில்லிமீட்டர். வங்காள தேசத்தின் மேற்குப் பகுதியிலும் அதே அளவே. பிரிவினைக்கு முன் ஒரே நாடாக இருந்த காலத்தில் இடப்பட்ட பாதைகள் அவை. 1965-ஆம் ஆண்டுப் போரினால் அவற்றில் போக்குவரத்து அறுந்தது. பிற்காலத்தில் ஒவ்வொன்றாகத் திறக்கப்பட்டது. ஹல்திபாரி-சிலாஹாட்டி பாதை மீண்டும் திறக்கப்பட்டது 2020 டிசம்பரில். அதாவது 55 ஆண்டுகள் கழித்து. ஒரு பகை முறித்த பாதையைச் சீராக்க ஒரு தலைமுறைக்கு மேல் ஆயிற்று என்பதை எண்ணிப் பாருங்கள்.

அளவு வேறுபட்டால் தொல்லை பெரிது. ஐரோப்பாவின் பெரும்பகுதியில் பாதை அகலம் 1,435 மில்லிமீட்டர். ரஷ்யா, பெலாரஸ் முதலிய நாடுகளில் 1,520. வேறுபாடு எட்டரை சென்டிமீட்டர்தான். அதற்காகவே போலந்து எல்லையில் பிரெஸ்ட் நகரையொட்டிச் சரக்குப் பெட்டகங்களைப் பளுதூக்கியால் ஒரு வண்டியிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுகிறார்கள். நம் பக்கத்திலும், 1914 முதல் 1964 வரை தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடிற்று. இக்கரையில் மீட்டர் பாதை. அக்கரையில் அகலப் பாதை. நடுவே கடல். எனவே சரக்கை ஏற்றி இறக்கும் வேலை இரட்டித்தது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தபின் அவ்வழி நின்றுபோயிற்று.

இரண்டாவது, சரக்குச் சீட்டு. நாட்டுக்கொரு சட்டம் இருந்தால், வழியில் மூட்டை கெட்டுப்போனால் யாரைக் கேட்பது? இந்தக் கேள்விக்கு விடை காண ஜெர்மனி, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து முதலிய நாடுகள் 1890-இல் பெர்ன் நகரில் கூடி ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. 1893 முதல் அது நடைமுறைக்கு வந்தது. புறப்படும் நிலையத்தில் எழுதிய ஒரே சீட்டு, சேருமிடம் வரை செல்லும். இழப்புக்குப் பொறுப்பும் வகுக்கப்பட்டிருக்கும். சோவியத் நாடும் அதன் தோழமை நாடுகளும் 1951-இல் வேறோர் உடன்படிக்கை செய்தன. ஆகவே இரு பகுதிகளையும் கடக்கும் சரக்குக்கு எல்லையில் சீட்டை மாற்றி எழுத வேண்டியிருந்தது. இரண்டுக்கும் பொதுவான சீட்டு 2006-இல்தான் வந்தது.

மூன்றாவது, சோதனை. சுங்கத் தீர்வை ஒருபுறம். பயிர் நோயோ பூச்சியோ இல்லை என்ற சான்றிதழ் மற்றொருபுறம். தாள்கள் குறைவாக இருந்தால் வண்டி நிற்கும். வண்டி நின்றால் சரக்குக் கெடும். அரசாங்கத்தின் கொள்கை மாறினாலும் இதே கதிதான். 2020 செப்டம்பரில் வெங்காய ஏற்றுமதி திடீரென நிறுத்தப்பட்டபோது, வங்காள தேச எல்லையில் லாரிகள் வரிசையாக நின்றன, வெங்காயம் அழுகிற்று. உள்நாட்டில் விலை ஏறாமல் காப்பதும் அரசின் கடமையே. ஆயினும் முன்னறிவிப்பின்றி மூடும் கதவின் முன் முதலில் நிற்பவன் விவசாயி என்பதை மறத்தலாகாது. தண்டவாளம் எத்துணை முக்கியமோ, சொன்ன சொல் மாறாமையும் அத்துணை முக்கியமாகும்.

அயல்நாட்டு உடன்படிக்கைகளைச் செய்வது பஞ்சாயத்தின் வேலையன்று. ஆனால் வண்டியை நிரப்புவது நம் வேலை. 500 டன் என்பது தனி மனிதனுக்கு மலை. பல ஊர்கள் கூடினால் எளிது. ஆதலின் பக்கத்துக் கிராமங்களோடு கலந்து உற்பத்தியாளர் சங்கம் அமையுங்கள். ஈரம் போக உலர்த்தும் களமும், தரம் பிரித்து அடுக்கும் கிடங்கும் வேண்டும். ரயில் நிலையத்திற்குச் செல்லும் சாலை மழைக்காலத்திலும் லாரி தாங்குகிறதா என்று பாருங்கள். தெளித்த மருந்து எது, எந்நாளில் என்பதை ஒவ்வொருவரும் குறித்து வைக்கட்டும். அயல்நாட்டார் கேட்கும் முதற்கேள்வி அதுவாக இருக்கலாம். ஒரே சந்தையை நம்பி எல்லா மூட்டையையும் அனுப்பிவிடாமல், ஒரு பகுதியை உள்ளூருக்கும் ஒதுக்குங்கள்.

குண்டூரில் ரயில்வே தன் அளவைக் குறைத்துக்கொண்டது; விவசாயிகளும் வியாபாரிகளும் தம் மூட்டைகளை ஒன்று சேர்த்தனர். இருவரும் ஓரடி முன்வந்த இடத்தில் வண்டி புறப்பட்டது. நம் பங்குக்குரிய ஓரடியை நாமும் எடுத்து வைப்போமாக.