எண்ம ஆவணங்களில் 'பிள்ளை': ஒரு பெயரும் பல மனிதரும்



பழைய ஏடுகளையும் அச்சுப் புத்தகங்களையும் தேடிச் சேர்ப்பதிலும், சேர்த்தவற்றைப் பிறர்க்கு உபகாரமாக்குவதிலும் ஆயுளைச் செலவிட்ட ஒரு பெரியாரின் நினைவாக நிகழும் இச்சொற்பொழிவுக்கு என்னை அழைத்தமைக்கு என் நன்றி. கணினியின் முன் அமர்ந்து 'பிள்ளை' என்னும் ஒரு சொல்லை இட்டுப் பல தேசத்து எண்ம ஆவணக் காப்பகங்களிலும் தேடினால் கிட்டுவது யாது, கிட்டாமற் போவது யாது, கிட்டியதை எவ்வாறு மதிப்பிடுவது என்பதே நான் எடுத்துக்கொண்ட விஷயம்.

தமிழுக்கு இன்று எண்மச் செல்வம் குறைவன்று. கோட்டையூர் ரோஜா முத்தையா அவர்களின் சேகரிப்பைக் கொண்டு 1994இல் சென்னையில் எழுந்த ஆராய்ச்சி நூலகமும், 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் 2005 முதல் திரட்டிவரும் நூலகம் நிறுவனமும், தமிழக அரசின் தமிழ் மின்னூலகமும் நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. இவற்றில் 'பிள்ளை' என்று தேடுகிறவன் முன்னே ஒரு பெருங்கூட்டம் வந்து நிற்கிறது: பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயிடம் துபாஷியாயிருந்து 1736 முதல் 1761 வரை தினசரி எழுதிய புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை, 1879இல் பிரதாப முதலியார் சரித்திரத்தை வெளியிட்ட மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை, 1887இல் கலித்தொகையை அச்சேற்றிய யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளை, நாதசுரச் சக்கரவர்த்தி டி. என். இராஜரத்தினம் பிள்ளை, மலையாள நாவலாசிரியர் தகழி சிவசங்கரப் பிள்ளை. இவர்களுள் ஆனந்தரங்கர் யாதவர், வேதநாயகர் கத்தோலிக்கர், இராஜரத்தினம் இசைவேளாளர், தகழி நாயர். ஆகவே, ஒரே பெயரின் கீழ் வந்தமையால் இவர்களை ஒரு குலமென்றோ ஒரு குடும்பமென்றோ கொள்ளுதல், தேடலின் முதற்படியிலேயே வழுக்கி விழுவதாகும். மரியாதைப் பட்டமாக வழங்கிய ஒன்றைப் பரம்பரைப் பெயராகப் பதிவேடுகள் எழுதிக்கொண்டன என்பதை மனத்தில் நிறுத்தியே நாம் மேலே செல்லவேண்டும்.

தமிழிலேயே தேடும்போது நேரும் இடர் ஒன்றை ஒரு நூலைக் கொண்டு காட்டுகிறேன். மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் தம் ஆசிரியரான மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் சரித்திரத்தை 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக வெளியிட்டார். அதில் ஆசிரியரைக் குறிக்க அவருக்குப் பெரும்பாலும் முழுப்பெயர் வேண்டியிருக்கவில்லை. 'பிள்ளையவர்கள்' என்றாலே போதுமாயிருந்தது. எனவே 'மீனாட்சிசுந்தரம் பிள்ளை' என்று தேடுகிறவனுக்கு, அம்மகாவித்துவானையே பேசும் எத்தனையோ பக்கங்கள் அகப்படாமற் போகும். 'பிள்ளை' என்று மட்டும் தேடினாலோ, அவர் பாடிய பிள்ளைத்தமிழ்ப் பிரபந்தங்களும், காப்புச் செய்யுளின் பிள்ளையாரும், அவரை ஆதரித்த வேதநாயகம் பிள்ளையும் ஒருங்கே வந்து வழியை மறிப்பர். இன்னும் கணக்குப்பிள்ளையும் மாப்பிள்ளையும் தென்னம்பிள்ளையும் அழையாமலே வந்து சேர்வதுண்டு. உருபுகள் ஏறிப் 'பிள்ளைக்கு', 'பிள்ளையின்', 'பிள்ளையால்' என விரியும் நம் மொழியில், சொல்லின் இறுதியை நெகிழ விட்டுத் தேடாதவன் பாதியை இழப்பான். நெகிழ விட்டவன் பத்து மடங்கு குப்பையைச் சுமப்பான். இவ்விரண்டுக்கும் இடையே பொறுமையாகச் சலித்தெடுப்பதுதான் ஆராய்ச்சியாளன் தொழில்.

அச்சின் சரித்திரமும் இங்கே குறுக்கிடுகிறது. 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும் முன் வெளிவந்த பெரும்பாலான நூல்களில் ணை, லை, ளை, னை ஆகிய நான்கும், ஐகாரக் குறி முன்னே தனித்து நில்லாமல், எழுத்தின் தலையிலேயே யானைத் துதிக்கைபோல் வளைந்து சேர்ந்த ஒற்றை வடிவில் அச்சாயின. 'பிள்ளை' என்னும் சொல் அவற்றுள் ஒன்றைக் கொண்டே முடிகிறது. புதிய வடிவத்தையே பழகிய ஓ.சி.ஆர். என்னும் எழுத்துணரி, பழைய பக்கத்தில் அந்த ளையைக் கண்டு தடுமாறி வேறோர் எழுத்தாகப் பதிந்துவிட்டால், பக்கத்தின் படம் கண்முன் தெளிவாயிருந்தும் தேடலுக்கு அது இல்லாததே ஆகிறது. 'எங்கும் கிடைக்கவில்லை' என்னும் விடையை 'எங்கும் இல்லை' என்று எழுதிவிடத் துணிகிறவர்கள் இந்த ஓரெழுத்தை நினைவில் வைப்பது நலம்.

கடல் கடந்தால் பெயர் வேறு உடை உடுத்துகிறது. ஆனந்தரங்கரின் தினசரி 1904 முதல் 1928 வரை சென்னை அரசாங்கத்தாரால் பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் பிரசுரமாயிற்று. அதற்கு முன்னரே, 1894இல், ஜூலியன் வின்சோன் அதன் பகுதிகளைப் பிரெஞ்சில் வெளியிட்டார். ஆங்கில நூலில் தேடுவதற்குரிய எழுத்துக்கூட்டல் பிரெஞ்சு நூலுக்கு உதவாது. பிரெஞ்சுக்காரர் எழுதியதை நாம் வாசித்தால் ஏறத்தாழப் 'பூலே' என்று ஒலிக்கும். தென்னாப்பிரிக்காவிலோ, ஈற்றில் ஆங்கில 'ஐ' எழுத்துக்குப் பதிலாக 'ஒய்' இட்டு எழுதுவதே பெருவழக்கு.

அத்தேசத்து ஆவணங்கள் கற்பிக்கும் பாடம் இன்னும் ஆழமானது. சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்னும் கப்பல் 1860 நவம்பர் 16ஆம் தேதி டர்பனை அடைந்தது முதல் 1911 வரை, ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குச் சென்ற இந்தியர் 1,52,184 பேர். அவர்களுடைய கப்பற் பட்டியல்களில் குடியேற்ற எண், பெயர், தந்தை பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடலின் அங்க அடையாளம் எனப் பத்திகள் வகுக்கப்பட்டிருந்தன. ஆயின் பெரும்பாலோர்க்கு ஒற்றைப் பெயரே எழுதப்பட்டது. இன்று குடும்பப் பெயர் தாங்கி நிற்கும் பேரன் அதை வைத்துக்கொண்டு அப்பட்டியலில் எத்தனை முறை தேடினாலும் பாட்டனைக் காண்பது அரிது. பிற்காலப் பிறப்பு விவாகப் பதிவுகளிலிருந்து பின்னோக்கிச் சென்று, குடியேற்ற எண்ணைக் கண்டெடுத்து, அதைக் கொண்டு பட்டியலுக்குள் நுழைகிறவனுக்கே கிராமத்தின் பெயர் கிட்டும். குடும்பப் பெயர் கைவிட்ட இடத்தில் ஓர் எண் துணை செய்கிறது.

தமிழ்நாட்டிலோ நிகழ்ந்தது இதற்கு நேர்மாறு. 1929இல் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு ஜாதிப் பட்டங்களை விடவேண்டுமெனத் தீர்மானித்தது. அதன்பின் பட்டம் மெல்ல மெல்லப் பெயரினின்றும் உதிர்ந்தது. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்ட வீரர், அக்கால ஆவணங்களில் சிதம்பரம் பிள்ளை. பிற்கால நூல்களில் வ.உ.சி.; மேடைகளில் சிதம்பரனார். அவருக்கு இது தீங்கன்று, ஏனெனில் அவரை எல்லாரும் அறிவர். அறியப்படாத ஒரு பள்ளி ஆசிரியரோ, ஒரு சிற்றூர்க் கர்ணமோ 1920இல் பட்டத்தோடும் 1940இல் பட்டமின்றியும் பதியப்பட்டால், கணினியின் கண்ணுக்கு அவர் இருவராகிவிடுகிறார்.

ஆகையால், பட்டத்தைக் கதவாக மட்டும் கொண்டு, உள்ளே சென்றபின் ஊர், தந்தையைக் குறிக்கும் தலைப்பெழுத்து, தொழில், காலம் என்னும் நான்கையும் சான்றாக வைத்து ஒவ்வொருவரையும் பிரித்தறிய வேண்டுமென்பது என் அபிப்பிராயம். இவற்றுள் காலமே தலையாயது. அறுபதாண்டுக்கொருமுறை வரும் விபவ வருஷம் என்று மட்டும் குறித்த ஒரு சாசனம் 1808ஐயும் குறிக்கலாம், 1868ஐயும் குறிக்கலாம், 1928ஐயும் குறிக்கலாம். உடன் எழுதிய கிழமையையும் திதியையும் நட்சத்திரத்தையும் ஒத்துப் பார்த்து ஆண்டைத் தீர்மானிக்க, எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை வெளியிட்ட இந்தியக் கால அட்டவணைகள் இன்றும் கைகொடுக்கின்றன. இந்நான்கனுள் இரண்டேனும் பொருந்தாத பதிவுகளை ஒருவருக்கே உரியனவென்று இணைப்பது சரித்திரமாகாது.

முடிவாக இரண்டு விண்ணப்பங்கள். நூலகத்தார், ஒவ்வொருவர் பெயரோடும் அவர் வழங்கப்பெற்ற வடிவங்கள் அனைத்தையும், பட்டத்தோடும் பட்டமின்றியும், தமிழிலும் அயல்மொழியிலும், ஒரே பதிவில் இணைத்து வைக்கவேண்டும். குடும்பத்தார், பரணில் கிடக்கும் பத்திரங்களையும் கலியாணப் பத்திரிகைகளையும் கடிதங்களையும் எண்மமாக்கக் கொடுக்கும்போது, அவற்றில் வரும் பெயர்கள் யாருடையவை, எவ்வூரினர், யார் மக்கள் என்பதை அறிந்த முதியோர் இருக்கும்போதே கேட்டு, ஒரு தாளில் எழுதி உடன் சேர்த்துக் கொடுக்கவேண்டும். கணினி பெயரைத் தேடித் தரும். ஆளை அடையாளம் காட்டுவது நம் கடமை.