தேவைக்கும் பேராசைக்கும் இடையில்
(நூற்றாண்டு விழாவில் ஆற்றப்பட்ட உரை)



பேராசை என்றதும் நாடு பிடித்த மன்னர்களும் வட்டிக்கடைக்காரர்களும் நினைவுக்கு வருவார்கள். பெண்கள் கல்லூரியில் கூடியிருக்கும் நாமோ, நமது வீட்டு விறாந்தையில் கதிரை போட்டு உட்கார்ந்து பேசும் பேராசையைப் பற்றிச் சிந்திப்பதே பொருத்தம். அதுதான் சீதனப் பேச்சு.

சீதனம் பேராசையாகப் பிறந்ததன்று. யாழ்ப்பாணத்து வழமைகளை ஒல்லாந்தத் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்தளித்தது 1707 இல். பன்னிரண்டு முதலியார்கள் அதைப் பரிசீலித்து ஒப்புக்கொண்டனர். 1806 இல் ஆங்கிலேயரும் அதற்குச் சட்டவலு அளித்தனர். அந்தத் தேசவழமையில் முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்து மூன்று வகை. சீதனம் என்பது பெற்றோர் மகளுக்குக் கொடுக்கும் பங்கு. அது அவளுக்கே உரிய சொத்து. கிழக்கிலும் மகளுக்கு வீடு கொடுப்பது நெடுநாள் வழக்கம். பெண்ணுக்கென்று ஒரு கூரையும் ஒரு துண்டுக் காணியும் இருக்கவேண்டும் என்ற நல்ல எண்ணம் அதில் இருந்தது.

பேராசை நுழைந்தது எங்கே? பெற்றோர் விரும்பிக் கொடுத்ததை, மாப்பிள்ளை வீட்டார் கேட்டு வாங்கத் தொடங்கிய இடத்தில். அரசாங்க உத்தியோகத்துக்கு ஒரு விலை, டொக்டருக்கும் எஞ்சினியருக்கும் ஒரு விலை, பின்னர் வெளிநாட்டு மாப்பிள்ளைக்கு ஒரு விலை என்று வந்தது. உறுதியில் எழுதும் காணி, வீட்டுக்கு மேலாக "டொனேசன்" என்ற ரொக்கமும் சேர்ந்தது. அந்தப் பணம் பெண்ணின் கைக்கு வருவதில்லை. மாப்பிள்ளையின் பெற்றோரிடம் போகிறது. பல வீடுகளில் அதுவே அவருடைய தங்கையின் சீதனமாகி, இன்னொரு வீட்டு வாசலுக்குப் போகிறது. ஒருவர் பறிகொடுத்ததை மற்றொருவரிடம் பறிக்கும் இந்தச் சங்கிலியில், தம்மைப் பேராசைக்காரர் என்று எவருமே நினைப்பதில்லை. "நாங்களும் கொடுத்தனாங்கள்தானே" என்பதே எல்லோருடைய நியாயமும்.

விளைவுகளை நாம் அறிவோம். தங்கைமாரைக் கரைசேர்க்க வெளிநாடு போன தமையன், தன் தலை நரைக்கும்வரை தனியே இருக்கிறான். இருந்த ஒரே காணி ஈட்டுக்குப் போகிறது. தாயின் தாலிக்கொடி அடைவுக்குப் போகிறது. யுத்தத்தில் வீட்டையும் உறுதிகளையும் தகப்பனையும் இழந்த குடும்பத்துப் பிள்ளை, படிப்பும் குணமும் இருந்தும் பேச்சுக்காலிலேயே தட்டுப்படுகிறாள். பெண் குழந்தை பிறந்தது என்றதும் ஒரு பெருமூச்சு எழுகிறது. வாங்கியவர் வீட்டிலும் நிம்மதி இல்லை. விலை பேசி வந்த உறவில், குறைந்துபோன தொகை ஆயுளுக்கும் சொல்லிக்காட்டப்படுகிறது.

சட்டம் மட்டும் இதை நிறுத்தாது. அயல்நாடான இந்தியாவில் 1961 இலேயே வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது. கேட்பதும் கொடுப்பதும் இன்னும் ஓயவில்லை. ஏனெனில் பேச்சு நடப்பது நீதிமன்றத்தில் அல்ல, விறாந்தையில். அங்கே முடிவெடுப்பவர்களில் பாதிப்பேர் பெண்கள், படித்த பெண்கள்.

ஆகவே, நூற்றாண்டைக் கொண்டாடும் நாம் மூன்று காரியங்களைச் செய்யலாம். மகனுக்குப் பேசும்போது தொகை கேட்காதிருக்கலாம். தரகர் சொன்னாலும் வேண்டாம் என்று நாமே முதலில் சொல்லலாம். மகளுக்குக் கொடுப்பதை அவள் பெயரிலேயே உறுதி எழுதிக் கொடுக்கலாம். தேசவழமைக்குட்பட்ட மனைவி தன் காணியை விற்கவும் ஈடு வைக்கவும் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்ற 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் விதியை நம் பெண்களுக்கு விளக்கி, அது மாறக் குரல் கொடுக்கலாம்.

பிள்ளைகளுக்கு வேண்டியதைத் தேடுவது தேவை. மற்றவர் பிள்ளையின் கண்ணீரில் அதைத் தேடுவது பேராசை. இந்த வேறுபாட்டை அறியும் கல்வியைத்தான் இக்கல்லூரி நமக்குத் தந்தது. அதை நமது வீடுகளில் நடத்திக் காட்டுவோம்.