எமோட்டெட்டை நீக்கிய காவல்துறை

வேண்டிய கோப்பைப்போல் வேடமிட்டுக் கணினிக்குள் நுழையும் தீய நிரலே ட்ரோஜன் எனப்படுகிறது. 2014இல் ஜெர்மனி, ஆஸ்திரியா நாடுகளின் வங்கி வாடிக்கையாளர்களைக் குறிவைத்து வெளிப்பட்ட எமோட்டெட் என்னும் ட்ரோஜன், பிற்காலத்தில் ஒருவர் முன்பு எழுதிய மின்னஞ்சலுக்கே பதில்போல வந்து, இணைப்பிலுள்ள வேர்டு கோப்பின் மேக்ரோவை, அதாவது கோப்புக்குள் பொதிந்த கட்டளைத் தொகுப்பை, இயக்குமாறு தூண்டியதால், ஜெர்மனியின் பீலெஃபெல்ட் போன்ற நகரங்களின் வீட்டுக் கணினிகளுக்கும் அது அச்சுறுத்தலாயிற்று.

2021 ஜனவரியில் ஜெர்மனியின் கூட்டாட்சிக் குற்றப்புலனாய்வுத் துறை, பிற நாட்டுக் காவல்துறைகளுடன் சேர்ந்து எமோட்டெட்டின் சேவையகங்களைக் கைப்பற்றி, அவற்றின் வழியாகவே ஒரு நிரலை அனுப்பியது. அந்நிரல், தொற்றிய கணினிகளிலிருந்து எமோட்டெட்டை ஏப்ரல் 25 அன்று தானாகவே நீக்கியது. உரிமையாளரைக் கேளாமல் அவர் கணினியில் அரசு கைவைக்கலாமா என்ற கேள்வி எழுவது நியாயமே. அது ஒருபுறமிருக்க, எமோட்டெட் கூட்டிவந்த ட்ரிக்பாட் போன்ற பிற ட்ரோஜன்களை அந்நிரல் தொடவில்லை. எனவே, தொற்றிய கணினியை உடனே இணையத்திலிருந்து துண்டித்து, தேவையான ஆவணங்களை மட்டும் படியெடுத்து, விண்டோஸைப் புதிதாக நிறுவி, கடவுச்சொற்களை வேறொரு கணினியிலிருந்து மாற்றுவதே உறுதியான வழி. எமோட்டெட்டோ அதே ஆண்டு நவம்பரில் மீண்டும் தலைதூக்கியது.