கேமரா வாங்கும் முன்பு கையிலிருப்பதைப் பழகுவோம்

(நமது அறக்கட்டளையின் கோடைக்காலப் பயிற்சி முகாமில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நமது வட்டியில்லாக் கடன் குழுவிற்கு வருகிற மனுக்களில் முன்பெல்லாம் தையல் மிஷின், தள்ளுவண்டி, பழைய ஆட்டோ என்றுதான் இருக்கும். இப்போது கேமரா கேட்டும் வருகிறது. ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் என்று தொகையும் எழுதியிருக்கிறார்கள். எந்தக் கேமரா, எந்த வேலைக்கு, மாதம் எத்தனை ஆர்டர் கிடைக்கும் என்று கேட்டால் பலரிடம் பதில் இல்லை. "யூடியூபில் நல்லா இருக்குன்னு சொன்னாங்க ஹஜ்ரத்" என்கிறார்கள். நாங்கள் யோசிக்க இரண்டு வாரம் எடுத்துக்கொண்டால், அதற்குள் கடையில் மாதத் தவணைக்கு வாங்கிவிடுகிறார்கள். தவணை ஒன்று தவறினால் அபராதம், அதற்கு மேல் வட்டி. வட்டியிலிருந்து குடும்பங்களைக் காப்பதற்கென்றே ஒரு நிதியை வைத்துக்கொண்டு, அந்தக் குடும்பத்துப் பிள்ளை கேமராவுக்காக வட்டியில் விழுவதை நாம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதனால்தான் இன்று இந்தத் தலைப்பு.

படம் எடுப்பது பற்றிய மார்க்கச் சட்டத்தில் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதை உங்கள் மஹல்லா இமாமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். ஆதார் அட்டை முதல் பாஸ்போர்ட் வரை படமின்றி எதுவும் நடக்காத காலம் இது. எடுக்கத்தான் வேண்டும் என்றாகிவிட்ட படத்தைச் சரியாக எடுப்பது எப்படி என்பதே நமது பேச்சு.

கேமரா என்ற சொல் அரபியின் கமர் என்பதிலிருந்து வந்தது என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அது சரியல்ல. அறை என்று பொருள்படும் லத்தீன் சொல் அது. இல்லாத பெருமையை நாம் தேட வேண்டியதில்லை, உள்ள பெருமையே போதும். பஸராவில் 965ஆம் ஆண்டு வாக்கில் பிறந்து, கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், 'கிதாபுல் மனாழிர்' என்ற நூலில் ஒரு சோதனையை எழுதி வைத்திருக்கிறார். இருட்டறையின் துவாரத்திற்கு வெளியே பல விளக்குகளை வரிசையாக வைத்தார். உள்ளே சுவரில் அத்தனை வெளிச்சப் புள்ளிகள் விழுந்தன. ஒரு விளக்கை மறைத்தால், அதற்குரிய புள்ளி மட்டும் மறைந்தது. ஒவ்வொரு விளக்கின் ஒளியும் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் நேர்கோட்டில் வருகிறது என்று காட்டினார். பொருளிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளியால்தான் பார்க்கிறோம் என்பதும் அவர் நிறுவிய உண்மை. 2015ஆம் ஆண்டை ஐ.நா. ஒளி ஆண்டாகக் கொண்டாடியபோது யுனெஸ்கோ அவரை நினைவுகூர்ந்தது. உங்கள் செல்போனுக்குள் இருப்பதும் அதே இருட்டறைதான். துவாரத்தில் ஒரு கண்ணாடி, எதிர்ச் சுவரில் ஒரு சென்சார், அவ்வளவே. ஆக, முதலில் பார்க்க வேண்டியது ஒளியை. கேமராவின் விலை அதற்குப் பிறகுதான்.

நம் சேலம், நாமக்கல் சமவெளியில் வெயிலுக்குக் குறைவில்லை. அதுவே தொல்லையும்கூட. பங்குனி, சித்திரையில் காலை பத்து மணிக்கு மேல் வெளியே நிற்க வைத்து எடுத்தால் கண்குழியில் கருநிழல், நெற்றியில் வெள்ளைப் பளபளப்பு. ஆளை இரண்டடி பின்னால் நகர்த்தித் தாழ்வாரத்து நிழலில் நிறுத்துங்கள். முகம் வெளிச்சம் வரும் பக்கம் திரும்பி இருக்கட்டும். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார வைத்தால் முகம் கறுக்கும், ஜன்னலைப் பார்த்து உட்கார வைத்தால் மலரும். சட்டைப் பையிலும் பர்ஸிலும் கிடந்த போனின் லென்ஸில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். எடுக்கும் முன் மெல்லிய பருத்தித் துணியால் துடையுங்கள். "எங்க போன் மங்கலா எடுக்குது, மாத்தணும்" என்பவர்களில் பாதிப் பேருக்கு இந்தத் துணியே போதும்.

நம் வீடுகளுக்கென்றே ஒரு சங்கதி உண்டு. பெருநாள் தொழுகை முடிந்து வெள்ளை ஜிப்பா, வெள்ளைத் தொப்பியோடு ஆண்கள் வரிசையாக நின்று எடுக்கிற படத்தில் உடை சாம்பல் நிறமாகவும் முகங்கள் இருண்டும் விழும். கறுப்பு அபாயா அணிந்த பெண்கள் சேர்ந்து நின்றால், துணி வெளிறி முகம் வெளுத்துப்போகும். கேமரா எதைப் பார்த்தாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே கணக்குப் போடுவதுதான் காரணம். வெள்ளை மிகுந்தால் வெளிச்சத்தைக் குறைக்கும், கறுப்பு மிகுந்தால் கூட்டும். நாம்தான் திருத்த வேண்டும். திரையில் முகத்தின் மீது விரலால் தொடுங்கள். பக்கத்தில் ஒரு சூரியக் குறி வரும். வெள்ளை உடைக்கு அதைச் சற்று மேலே தள்ளுங்கள், கறுப்பு உடைக்குக் கீழே இறக்குங்கள். பாஸ்போர்ட், ஹஜ் விண்ணப்பத்துக்கு வெள்ளைப் பின்னணி வேண்டும். அதற்கு வெள்ளைச் சட்டையோடு போய் நிற்காதீர்கள். சுவரில் ஒட்டி நிற்காமல் மூன்றடி தள்ளி நின்றால் பின்னால் நிழல் விழாது. எடுப்பவர் மிக அருகில் வந்தால் மூக்கு பெரிதாகத் தெரியும். ஐந்தடி தள்ளி நின்று, போனில் 2எக்ஸ் இருந்தால் அதில் வைத்து எடுங்கள்.

இனி, நம் சமுதாயத்துக்கு மிகவும் தேவைப்படுகிற படம். அது முகம் அல்ல, பத்திரம். 2025 ஜூன் 6ஆம் தேதி மத்திய அரசு 'உமீத்' இணையதளத்தைத் தொடங்கி, வக்ஃப் சொத்துகளின் விவரங்களையும் ஆவணங்களையும் ஆறு மாதத்திற்குள் பதிவேற்றச் சொன்னது நினைவிருக்கும். அப்போது பல ஊர் முத்தவல்லிகள் பத்திரத்தைப் போனில் படமெடுத்து நமக்கு அனுப்பினார்கள். சர்வே எண் இருக்கிற இடத்தில் ஃப்ளாஷ் வெளிச்சம், எல்லை எழுதிய வரியில் எடுத்தவரின் தலை நிழல். வாட்ஸ்அப் வேறு படத்தைச் சுருக்கிவிட்டிருந்தது. கபரஸ்தான் நிலத்தின் ஒரு எண் 3ஆ, 8ஆ என்று தெரியாமல் திரும்ப ஊருக்கு ஆள் அனுப்ப வேண்டியிருந்தது. உயர்கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளின் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் விஷயத்திலும் இதே கதைதான்.

செய்ய வேண்டியது சுலபம். தாளை ஜன்னலோரம் தரையில் அல்லது மேசையில் விரியுங்கள். நேர் வெயில் படக்கூடாது. ஃப்ளாஷை அணையுங்கள். போனைத் தாளுக்கு நேர் மேலே, தாளுக்கு இணையாகப் பிடியுங்கள். நாலு ஓரமும் சற்று இடம் விட்டுத் தெரியட்டும். ஒரு படத்தில் ஒரு பக்கம் மட்டும். பின்பக்கத்து முத்திரையையும் விடாதீர்கள். எடுத்த உடனே பெரிதாக்கிச் சர்வே எண்ணையும் தேதியையும் வாசித்துப் பாருங்கள். அனுப்பும்போது படமாக அனுப்பாமல் 'டாக்குமென்ட்' என்ற வழியில் அனுப்புங்கள், தெளிவு குறையாது. ஸ்கேன் செய்யத் தனிச் செயலி தேவையில்லை, கூகுள் டிரைவிலேயே அந்த வசதி இருக்கிறது. கேம்ஸ்கேனரை 2020 ஜூனில் அரசு தடை செய்தது. அதன் பெயரில் எங்கிருந்தோ இறக்கி வைத்திருப்பவர்கள் அதில் நிலப் பத்திரத்தை ஏற்ற வேண்டாம். இன்னொன்று, பழைய பத்திரத்தை லேமினேஷன் செய்யாதீர்கள். பிறகு பிரித்தெடுக்க முடியாது, படமெடுத்தாலும் பளபளக்கும். கோப்புக்கு ஊர், சர்வே எண், ஆண்டு என்று பெயரிட்டு இரண்டு இடங்களில் வையுங்கள். கூகுள் போட்டோஸில் எல்லையில்லா இலவச இடம் 2021 ஜூன் 1ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இப்போது மின்னஞ்சல் உட்பட எல்லாவற்றுக்கும் சேர்த்து 15 ஜிபிதான்.

இனி கேமராவுக்கு வருவோம். கடைக்காரர் முதலில் சொல்வது மெகாபிக்சல். கணக்குப் போட்டுப் பாருங்கள். நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி போதும். 4க்கு 6 அங்குலப் படத்துக்கு 1200ஐ 1800ஆல் பெருக்கினால் சுமார் 22 லட்சம் புள்ளி, அதாவது 2 மெகாபிக்சலுக்குச் சற்று மேல். கல்யாண ஆல்பத்தின் 12க்கு 18 அங்குலப் பக்கத்துக்கே 20 மெகாபிக்சலுக்குள் முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் எண்ணுக்காகப் பணம் கொடுப்பது வீண்.

எண்ணைவிட முக்கியம் சென்சாரின் அளவும் லென்ஸும். ஃபுல் ஃபிரேம் சென்சார் 36 மில்லிமீட்டருக்கு 24 மில்லிமீட்டர். போனில் இருப்பது அதில் மிகச் சிறு பங்கு. இரவு நிக்காஹில், மண்டபத்தின் மங்கல் வெளிச்சத்தில் அந்த வித்தியாசம் தெரியும். நாமக்கல்காரர்களுக்குப் பாடி என்றால் லாரிக்குக் கட்டுகிற பாடி. கேமராக்காரர்களும் பாடி என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் இங்கே பாடி பழசாகிவிடும், நல்ல லென்ஸ் நிலைத்திருக்கும். பாடிக்கே எல்லாப் பணத்தையும் கொட்டாதீர்கள். கேமராவோடு வரும் சாதாரண ஜூம் லென்ஸை முழுதாக நீட்டினால் எஃப் 5.6. தனியாகச் சுமார் பத்தாயிரம் ரூபாயில் கிடைக்கிற 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸ் அதைப்போல ஏறத்தாழ பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். பெரிய கம்பெனிகள் இப்போது மிரர்லெஸ் பக்கம் திரும்பிவிட்டதால், பழைய டிஎஸ்எல்ஆர்கள் மலிவாகக் கைமாறுகின்றன. கற்பவருக்கு அது நல்ல காலம். பழைய லாரி வாங்குகிறவர் கிலோமீட்டர் பார்ப்பது போல ஷட்டர் எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்று பாருங்கள். தொடக்கநிலைக் கேமராக்கள் பலவற்றுக்கு ஒரு லட்சம் முறை என்று கணக்குச் சொல்வார்கள். லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், சிலந்தி வலை போலத் தெரிந்தால் பூஞ்சை, வேண்டாம். பில் இல்லாத பொருளைத் தொடாதீர்கள். திருட்டுப் பொருளாக இருந்தால் பிள்ளை காவல் நிலையத்தில் நிற்பான்.

மாதம் ஒரு கல்யாணம்தான் கிடைக்கிறது என்றால் வாங்கவே வேண்டாம். சேலத்திலும் ஈரோட்டிலும் நாள் வாடகைக்குக் கிடைக்கிறது. வாடகைக் கேமராவில் பத்துக் கல்யாணம் எடுத்தவருக்கு, எது தேவை என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது.

"அப்படியென்றால் கடன் வாங்கிக் கேமரா வாங்குவதே தவறா?" என்று கேட்கலாம். இல்லை. மதுரைப் பக்கத்தைச் சேர்ந்த பழனி குமார், மீன் விற்று வளர்த்த தாயின் மகன். 2013இல் கடன் வாங்கித்தான் ஒரு நிக்கான் கேமரா வாங்கினார். மலக்குழியில் இறங்கும் தொழிலாளர்களின் வாழ்வைப் படமெடுத்தார். 2017இல் வந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்தில் ஒளிப்பதிவு செய்தார். 2022இல் தயாநிதா சிங் - பாரி விருது கிடைத்தது. இன்று உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்குப் புகைப்படம் கற்றுத்தருகிறார். கடன் வாங்கும்போதே எதை எடுக்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் அந்தக் கடன் தொழிலுக்கான முதல்.

நம் பெண்பிள்ளைகளுக்கு இதில் தனி வாய்ப்பு இருக்கிறது என்பது எங்கள் கருத்து. நிக்காஹ் வீடுகளில் பெண்கள் பகுதிக்குள் ஆண் புகைப்படக்காரர் வருவதை யாரும் விரும்புவதில்லை. பெண் புகைப்படக்காரர் கிடைப்பதோ அரிது. கல்லூரி முடித்து வீட்டிலிருக்கும் பிள்ளைகள் இருவர் சேர்ந்து கற்றால் சம்பாத்தியமும் உண்டு, நம் வீட்டுப் படம் அந்நியரின் மெமரி கார்டில் தங்குவதும் தவிரும். வீட்டிலிருந்து அபாயா தைத்தும், இளம்பிள்ளைச் சேலை வாங்கியும் வாட்ஸ்அப்பில் விற்கும் சகோதரிகளுக்குப் போனே போதும். கொலுசு விற்கிறவர்கள் ஒன்று செய்யுங்கள். வெள்ளி கண்ணாடி மாதிரி, எதிரில் உள்ளதையெல்லாம் காட்டும். இரு பக்கமும் வெள்ளைச் சார்ட் அட்டையை நிறுத்தி, ஜன்னலுக்கு டிரேசிங் பேப்பர் ஒட்டி எடுத்தால் கறுப்புக் கோடுகள் மறைந்து வேலைப்பாடு தெரியும்.

கடைசியாக, நமது அறக்கட்டளையையும் சேர்த்தே சொல்ல வேண்டிய ஒன்று. ரமழானில் அரிசி மூட்டை கொடுக்கும்போது, வாங்குகிற விதவைத் தாயை நிறுத்தி, பக்கத்தில் நாலு பேர் சிரித்தபடி நின்று எடுத்துக்கொள்ளும் படங்கள் எல்லா ஊரிலும் வருகின்றன. வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியக்கூடாது என்று மிம்பரில் கேட்டுவிட்டு, மாவட்டத்துக்கே தெரிவிக்கிறோம். அந்தத் தாயின் மகள் படிக்கும் பள்ளிக்கும் அந்தப் படம் போகிறது. கணக்குக்கு ஆதாரம் வேண்டும்தான், ஆனால் அதற்குக் கையெழுத்திட்ட ரசீது இருக்கிறது. படம் வேண்டுமென்றால் அடுக்கி வைத்த மூட்டைகளை எடுங்கள், தைக்கும் கையை எடுங்கள். ராய்ட்டர்ஸின் டேனிஷ் சித்தீக்கி, 2017இல் படகில் கரை சேர்ந்த ரோஹிங்கியாப் பெண்ணொருவர் குனிந்து மணலைத் தொடும் படத்தை எடுத்தார். பார்க்கிறவர் கண் அந்தக் கைக்குத்தான் போகிறது. அதை உள்ளடக்கிய பணிக்காக அவரது குழுவுக்கு 2018இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. 2021இல் ஆப்கானிஸ்தானில் செய்தி சேகரிக்கையில் அவர் கொல்லப்பட்டார்.

இந்த இதழிலிருந்து உதவி பெறுவோரின் முகப்படம் நமது மடலில் வராது என்று நிர்வாகக் குழு முடிவு செய்திருக்கிறது. கேமராவுக்குக் கடன் கேட்போர், மனுவோடு தங்கள் போனில் எடுத்த 30 படங்களைக் கொண்டு வரவேண்டும். நிழலில் ஒரு முதியவர், இரவில் ஒரு கடைத்தெரு, வெள்ளை உடைக் கூட்டம், ஒரு பழைய பத்திரம் ஆகியவை அதில் கட்டாயம். பெண்களுக்கான பயிற்சியில் சேர விரும்புவோர் பெயரைப் பெண்கள் மதரஸாவில் கொடுக்கலாம். பழைய வக்ஃப் பத்திரம் வைத்திருப்பவர்கள் வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாட்களில் அஸர் தொழுகைக்குப் பிறகு அலுவலகத்துக்கு எடுத்து வந்தால், உங்கள் கண்முன்பே படமெடுத்து அசலை அப்போதே கையில் தந்துவிடுவோம். வஸ்ஸலாம்.