நாணற் சுவரும் நம் சங்கக் கூடமும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

செயலாளர் அவர்கள், "ஐந்தே நிமிஷம்" என்று எச்சரித்துத்தான் என்னை மேடைக்கு அனுப்பினார். பொறியியல் கற்றவர்கள் பலர் இச்சபையில் அமர்ந்திருக்க, பத்தாம் வகுப்புத் தேறி, ரயில்வே அலுவலகத்தில் கோப்புப் புரட்டும் நான் வீடு கட்டும் கலையைப் பற்றிப் பேசுவது சற்று அதிகப்பிரசங்கித்தனமே. எனினும் பேசாதிருக்க மனம் ஒப்பவில்லை. நம் சங்கக் கூடத்தை இடித்து, பின்புறத்துக் குன்றின் சரிவை வெட்டிச் சமன் செய்து, இரண்டு அடுக்குக் கான்கிரீட் மண்டபம் எழுப்பும் யோசனை அடுத்த மாதப் பொதுக்குழுவுக்கு வருகிறது. அதற்கு முன், அக்கூடம் எதனால் ஆனது, ஏன் அவ்வாறு ஆனது என்று ஒரு முறை எண்ணிப் பார்க்க வேண்டாமா?

நான் மாற்றலாகி இந்த மாலிகாவுக்கு வந்த புதிதில் அக்கூடத்தின் சுவரை விரலால் தட்டிப் பார்த்து நகைத்தவன். தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஒன்றரை அடிச் செங்கற் சுவருக்குள் பிறந்து வளர்ந்தவனுக்கு இது சுவராகவே தோன்றவில்லை. அச்சமயம் கதவு பழுது பார்க்க வந்திருந்த அஸ்ஸாமியத் தச்சர், "பாபு, இது கனமில்லாத சுவர், அதனால்தான் நிற்கிறது" என்றார். அச்சொல்லின் பொருள் எனக்கு விளங்கச் சில ஆண்டுகள் ஆயின.

1897ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் தேதி மாலை இப்பிரதேசத்தைப் பெரும் பூகம்பம் ஒன்று குலுக்கிற்று. ஷில்லாங்கில் கல்லாலும் செங்கல்லாலும் கட்டிய கட்டடங்கள் ஏறக்குறைய யாவும் தரைமட்டமாயின. 1,500 பேருக்கு மேல் மாண்டனர். மாலை வேளையாதலால் மக்கள் பலர் வெளியில் இருந்தனர், நள்ளிரவாயிருந்தால் என்னவாகியிருக்குமோ! அதன் பிறகே, இம்மண்ணின் குடிசையைப் பார்த்து மேலும் திருத்தி அமைத்த "அஸ்ஸாம் மாதிரி" வீடு எங்கும் பரவிற்று. 1950 ஆகஸ்டு 15 அன்று, நாடு சுதந்திர தினம் கொண்டாடிய இரவில், 8.6 அளவில் மற்றொரு பூகம்பம் வந்து பாடத்தை மீண்டும் படிப்பித்தது.

அந்த வீட்டின் அமைப்பைச் சற்று விவரமாகச் சொல்ல அனுமதியுங்கள். முதலில் மரச் சட்டம். தூண்கள் மண்ணுக்குள் புதைவதில்லை. செங்கல் மேடைமீது இரும்புப் பட்டையால் பிணைக்கப்பட்டு நிற்கும். ஈரமும் கறையானும் எளிதில் ஏறமாட்டா. ஜன்னலின் அடிமட்டம் வரை செங்கல்; அதற்குமேல் சட்டங்களுக்கிடையே "இக்ரா" என்னும் நாணலை நெருக்கமாக நிறுத்தி, இரு புறமும் மண்ணும் சாணமும் கலந்து பூசுவார்கள். சுண்ணாம்போ சிமெண்டோ பூசுவதும் உண்டு. இந்நாணல் ஆற்றோரச் சதுப்புகளில் தானாக வளர்வது. அறுத்தால் மறுபடி தழைப்பது. சூளையும் வேண்டாம், கரியும் வேண்டாம். மேலே செங்குத்தான கூரை. முன்னாளில் புல், பின்னாளில் தகரம். பெருமழை அதில் தங்காமல் வழிந்தோடிவிடும். கூரைக்கடியில் மூங்கிற்பாய் மச்சு வெப்பத்தைத் தடுக்கும்.

பூமி அசையும்போது கட்டடத்தின்மேல் பாயும் விசை அதன் கனத்துக்கு ஏற்றபடி மிகும். கனத்த சுவர் வளையத் தெரியாமல் பிளக்கும். மரச் சட்டமோ சற்று ஆடி, முனகி, மீண்டும் நிமிரும். தச்சர் சொன்னது இதைத்தான். 2021 ஏப்ரல் 28ஆம் தேதி காலை 6.4 அளவில் நிலம் நடுங்கியபோது குவஹாத்தி நகரில் கான்கிரீட் கட்டடங்கள் சிலவற்றில் விரிசல் கண்டது. நம் கூடத்தில் நூலக மூலையில் ஒரு சாண் பூச்சு உதிர்ந்து நாணல் பல்லிளித்தது. மறு வாரமே ஒரு கூடை மண்ணில் காரியம் முடிந்தது.

எங்கள் ஊர் வீடு தவறா என்று கேட்பீர்கள். இல்லை. அது வெயிலுக்கு அஞ்சிக் கட்டிய வீடு. அங்கே தடித்த சுவர்தான் நியாயம். பிரம்மபுத்திரா கரையிலுள்ள மிசிங் மக்கள் வெள்ளத்துக்கு அஞ்சி மூங்கிற் கால்மேல் வீட்டை உயர்த்தி வைத்திருக்கிறார்கள். அவரவர் அச்சத்துக்கு அவரவர் வீடு.

இக்கூடத்துக்குக் குறைகள் இல்லாமலில்லை. சென்ற பொங்கலன்று சர்க்கரைப் பொங்கல் அண்டாவுக்குள் ஒழுகியதைத் தாய்மார்கள் மறந்திருக்கமாட்டார்கள். பொருளாளர் நிச்சயம் மறக்கவில்லை. மழை பெய்தால் தகரத்தின் ஓசையில் திருக்குறள் வகுப்பு நடவாது. சித்திரைப் புயலை இங்கே "பர்தோய்சிலா" என்பார்கள். பிகுவுக்குத் தாய்வீடு செல்லும் மகளாம். அந்த அம்மையின் அவசரத்தில் ஒரு முறை நான்கு தகடுகள் பறந்தன. மரமும் முன்போல் மலிவாகக் கிடைப்பதில்லை. நெருப்புக்கு அஞ்சத்தான் வேண்டும்.

கான்கிரீட்டே ஆகாது என்று நான் வாதிடவில்லை. தக்க பொறியாளரைக் கொண்டு, கம்பியும் பிணைப்பும் முறைப்படி இட்டுக் கட்டினால் அதுவும் நிற்கும். ஆனால் அவ்வளவுக்கு நம்மிடம் பணமிருக்கிறதா? என் பெரிய அச்சம் அந்தக் குன்றைப் பற்றியது. மழைக்காலந்தோறும் இந்நகரில் வெட்டப்பட்ட சரிவுகள் இடிந்து வீடுகள்மேல் விழுவதையும், செம்மண் சாக்கடையை அடைத்துத் தெருவில் வெள்ளம் நிற்பதையும் பார்க்கிறோம். நம் சரிவை இப்போது பிடித்து நிற்பவை ஒரு பலாமரமும் மூங்கிற் புதரும். அவற்றை வீழ்த்தினால் கீழே குடியிருப்போர் நம்மவரே. அவர்களில் சிலர் முன் வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள்.

ஆகவே நான் கேட்பது இதுவே: பழுதான தூண்களை மாற்றுவோம், தகடுகளைக் கொக்கி ஆணியால் இறுக்குவோம், சமையற்கட்டை மட்டும் தனியே செங்கல்லால் கட்டி நெருப்பை அப்புறப்படுத்துவோம். கல்யாணத்துக்குப் பெரிய மண்டபம் வேண்டுவோர் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

நான் சொன்ன தச்சருக்கு இப்போது வயதாகிவிட்டது. வரும் ஞாயிறு காலை எட்டு மணிக்குத் தம் மகனுடன் வந்து, தூண்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துச் செலவுக் கணக்குச் சொல்வதாக ஒப்பியிருக்கிறார். பொதுக்குழு அங்கத்தினர்கள் அவசியம் வர வேண்டுகிறேன். காப்பி என் வீட்டிலிருந்து வரும்.